ஆயிரம் பொய்யும் ஒரு மெய்யும்

"ஆயிரம் பொய் சொல்லியேனும் ஒரு கலியாணத்தைச் செய்து வை" என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. "ஆயிரம் முறை போய்ச் சொல்லி" என்பதே அவ்வாறு திரிந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும், பழமொழி பொறுத்துக்கொள்ளும் பொய்கள் சிறியவை. மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சற்றுக் கூட்டுவதும், பெண்ணின் வயதில் ஒன்றிரண்டைக் குறைப்பதும் அவ்வகையின. மணமாகி ஆறு மாதம் சென்றால் அவை தாமே வெளுத்துவிடும். குடும்பமும் சிரித்து மறந்துவிடும். ஆனால், நாள்தோறும் புதிதாகச் சொல்லவேண்டிய பொய்யின்மேல் இல்லறம் எவ்வாறு நிலைக்கும்?

இவ்வினாவை எழுப்பும் ஆங்கில நாவலொன்றை இவ்வாரம் வாசகர்முன் வைக்கின்றோம். இலங்கையிற் பிறந்து அமெரிக்காவில் வாழும் தமிழ் எழுத்தாளர் எஸ். ஜே. சிந்து எழுதிய அந்நூல் 2017ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் பெயரைத் தமிழில் "ஆயிரம் பொய்களின் திருமணம்" எனலாம்.

கதையைச் சொல்பவள் லக்கி; பொஸ்டன் மாநகரை அடுத்து வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தின் மகள். அவள் மனம் பெண்களையே நாடுவது; அவள் கணவன் கிருஷ்ணாவின் மனமோ ஆண்களை நாடுவது. இருவரும் ஒருவரையொருவர் அறிந்தே, உற்றார் கண்ணுக்காகக் கணவன் மனைவியாக வாழ்கின்றனர். பாட்டியார் விழுந்து காயமுற, பேத்தி தாய்வீடு திரும்புகின்றாள். அங்கே இளமைத் தோழியும் முதற் காதலியுமான நிஷாவை மீண்டும் காண்கின்றாள். நிஷாவுக்கோ, முன்பின் கண்டறியாத ஒருவனுடன் மணம் பேசியாயிற்று. பழைய அன்பு உமியில் இட்ட தீயைப்போல் மெல்லக் கனன்று பரவுகின்றது.

லக்கியின் திருமணத்தில் கணவனும் மனைவியும் உண்மை தெரிந்தவர்கள்; ஏமாறுபவர் ஊரார். நிஷாவின் மணத்திலோ ஏமாறப்போகின்றவன் தாலி கட்டுகின்ற அப்பிள்ளையே. அவன் செய்த குற்றம் யாது? அவளைக் காப்பாற்ற லக்கி முயல்கின்றாள். ஆயினும், நிஷா அதனை உண்மையில் விரும்புகின்றாளா என்பதே கதையின் உயிர்நிலை. முடிவை நாம் இங்கே சொல்லோம்.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்த இடர் அன்று. நியூயோர்க் நகரத்துக் கடையொன்றின் விற்பனைப் பெண்ணுக்கும், பொருள் வாங்கவந்த மாதொருத்திக்கும் இடையே அரும்பிய காதலைப் பட்ரீசியா ஹைஸ்மித் 1952இல் நாவலாக்கினார். அதனைக் 'கிளேர் மோர்கன்' என்ற புனைபெயரிலேயே வெளியிட்டார். தம் சொந்தப் பெயரை அந்நூலில் இட அவருக்கு 1990ஆம் ஆண்டுவரை, 38 ஆண்டுகள், சென்றன. கதைமாந்தர்க்கு மட்டுமன்றிக் கதாசிரியருக்கும் ஒரு பொய் வேண்டியிருந்தது!

நம் நாட்டின் கதையோ வேறொரு வகையானது. தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு முன்னர் ஆண்களையே சுட்டியது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் 'ஆண்' என்பதனை நீக்கி 'ஆள்' என்று பொதுப்படுத்தவே, பெண்களும் அதற்குள் அகப்பட்டனர். அக்குற்றத்தை நீக்கக் கொணர்ந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது.

சட்டம் ஒருபுறம் இருக்க, வீடு என்ன செய்யும்? பெற்றோர் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. ஊர்ப்பேச்சுக்கு அஞ்சுவதும், பிள்ளை தனித்துவிடுவாளோ எனக் கலங்குவதும் அன்பிற் பிறந்தவையே. எனினும், அந்த அன்பு கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. புறக்கோட்டைப் பிரதான வீதியிற் கூறைச்சேலை தெரிகின்றோம். செட்டியார் தெருவிலே தாலிக்கொடியை நிறுத்து வாங்குகின்றோம். பத்துப் பொருத்தமும் பார்க்கின்றோம். கடையேறுமுன், பெண்ணைத் தனியே அழைத்து, "உனக்கு இதில் மனந்தானா, பிள்ளை?" என்று கேட்டு, அவள் விடை எதுவாயினும் பொறுமையோடு கேட்டிருப்போமாயின், அயலான் வீட்டுப் பிள்ளையொருவனும் ஏமாற்றத்தினின்றும் தப்புவான்.