விலை கொடுத்தவனுக்கு உரிமை இல்லையா?

ஒருவன் காசு கொடுத்து ஒரு பொருளை வாங்குகிறான். அதை வீட்டுக்குக் கொண்டுபோன பிறகும், "இதை இப்படித்தான் உபயோகிக்க வேண்டும்" என்று விற்றவன் உத்தரவு போட முடியுமா? முடியாது என்றுதான் எந்தச் சந்தையிலும் ஜனங்கள் சொல்லுவார்கள். முடியும் என்கிறது அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி. ஐபோனை விற்றுப் பணம் வாங்கிய பிறகும், அதற்குள் எந்த மென்பொருள் நுழையலாம், எது நுழையக் கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அது தன் கையிலேயே வைத்துக் கொண்டிருக்கிறது.

இந்த அதிகாரம் எப்படிச் செலுத்தப்படுகிறது என்பதற்குப் பழைய வீடியோ விளையாட்டுகளின் விவகாரமே போதுமான சாட்சி.

அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடையில் விலைக்குக் கிடைப்பதில்லை. வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-ல் வெளியிட்ட ஆய்வு கூறும் கணக்கு இது. எத்தனையோ பேர் இரவு பகலாக உழைத்து உருவாக்கியவை, லாபம் நின்றதும் கைவிடப்பட்டன. அவை ஓடிய யந்திரங்களும் பழுதாகி மறைந்து வருகின்றன. அந்தப் பழைய யந்திரத்தைப் போலவே இன்றைய யந்திரத்தை நடந்துகொள்ளச் செய்யும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். மறைந்துபோகும் உழைப்புக்கு உயிர் கொடுப்பது அதுதான்.

"இது திருட்டல்லவா?" என்று சிலர் கேட்கிறார்கள். விளையாட்டைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்து விற்பது வேறு, எமுலேட்டர் வேறு. கனெக்டிக்ஸ் என்ற கம்பெனி, சோனியின் பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை மாக் கம்ப்யூட்டரில் ஓடச் செய்யும் எமுலேட்டரைத் தயாரித்தது. சோனி வழக்குப் போட்டது. 2000-ம் ஆண்டில் அமெரிக்க அப்பீல் கோர்ட்டு கனெக்டிக்ஸ் பக்கமே தீர்ப்பளித்தது. கோர்ட்டில் ஜெயிக்க முடியாத சோனி, மறு ஆண்டில் அந்த மென்பொருளையே விலைக்கு வாங்கி இழுத்து மூடியது! இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1999 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ மேடையில் அந்த எமுலேட்டரைப் பெருமையுடன் உலகுக்கு அறிமுகம் செய்தது வேறு யாருமல்ல. ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ்தான்.

அன்று கம்ப்யூட்டர் விற்பதற்கு எமுலேட்டர் தேவைப்பட்டது. பிறகு நிலைமை மாறியது. 2008 ஜூலையில் ஆப்பிள் தன் செயலிக் கடையைத் திறந்தது. அப்போது ஐபோனுக்கு அது ஒன்றே வாசல். அங்கே விற்ற பொருளின் விலையில் நூற்றுக்கு 30 ஆப்பிளுக்குப் போனது. சிறு தயாரிப்பாளர்களுக்கு 2021 முதல் 15. வாசலில் வரி வசூலிப்பவன், தன் கண்ணில் படாமல் எதுவும் உள்ளே போவதை விரும்புவானா? வெளியிலிருந்து கொண்டுவந்த நிரலை எந்தச் செயலியும் ஓட்டக் கூடாது என்று விதி போட்டான். ஆனால் வெளியிலிருந்து வரும் நிரலை ஓட்டுவதுதானே எமுலேட்டரின் வேலையே!

விளைவு என்ன? 2009-ல் கொமடோர் 64 கம்ப்யூட்டரின் எமுலேட்டர் ஒன்று கடைக்கு வந்தது. அதில் பேசிக் மொழியில் நிரல் எழுத வழியிருந்தது என்ற குற்றத்துக்காகச் சில நாட்களிலேயே நீக்கப்பட்டது. பழைய டாஸ் விளையாட்டுகளை ஓட்டும் ஐடாஸ் 2010-ல் வந்தது, உடனே நீக்கப்பட்டது. கை கால் கட்டப்பட்டுத் திரும்பி வந்தது. 2021-ல் மறுபடியும் வெளியேற்றப்பட்டது.

2024 ஏப்ரலில் ஆப்பிள் திடீரென்று மனம் இளகியது. பழைய விளையாட்டுக் கன்சோல்களின் எமுலேட்டர்களுக்கு அனுமதி என்று அறிவித்தது. டெல்டா என்ற செயலி அம்மாதமே கடைக்கு வந்தது. இந்தக் கருணை எங்கிருந்து பிறந்தது? அதற்கு முந்தைய மாதம்தான் ஐரோப்பிய யூனியனின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் ஆப்பிளைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. வேறு கடைகளுக்கும் வழிவிடும்படி செய்தது. அதே மார்ச்சில் அமெரிக்க நீதி இலாகாவும் ஏகபோகக் குற்றம் சாட்டி ஆப்பிள் மீது வழக்குத் தொடர்ந்தது. தேதிகளை வாசகர்களே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்!

அப்போதும் முழுக் கதவு திறக்கவில்லை. "கன்சோலுக்குத்தான் அனுமதி, கம்ப்யூட்டருக்கு இல்லை" என்று சொல்லி, பழைய கம்ப்யூட்டர்களை ஓட்டும் யூடிஎம் எஸ்இ செயலியையும் ஐடாஸையும் ஜூனில் நிராகரித்தது. கண்டனக் குரல் எழுந்தது. ஜூலையில் யூடிஎம் எஸ்இ அனுமதிக்கப்பட்டது; ஆகஸ்டில் விதியே திருத்தப்பட்டது.

எஞ்சியிருக்கும் பூட்டு இன்னும் பெரிது. பொதுக்கூட்டத்தில் வடநாட்டுத் தலைவர் பேசும்போது, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி மொழிபெயர்ப்பதைப் பார்த்திருக்கிறோம். ஒரே வாசகம் நூறு முறை வந்தாலும் நூறு முறையும் புதிதாக மொழிபெயர்க்க வேண்டும். ஒரு பகுதியை முழுவதுமாக மொழிபெயர்த்து எழுதி வைத்துக்கொண்டால், அது திரும்ப வரும்போது அப்படியே வாசித்துவிடலாம். வேகம் பல மடங்கு. எமுலேட்டர்களில் இந்த இரண்டாவது முறைக்கு ஜேஐடி என்று பெயர். கேம்கியூப், வீ போன்ற சக்தி வாய்ந்த யந்திரங்களுக்கு அது இன்றியமையாதது. ஐபோன் கடையில் எமுலேட்டர்களுக்கு அதை ஆப்பிள் மறுக்கிறது. அதனால்தான் டால்பின் எமுலேட்டரை உருவாக்கியவர்கள் அதை ஆப்பிள் கடைக்குக் கொண்டுவர முடியாது என்று 2024-ல் பகிரங்கமாக விளக்கினார்கள்.

"பாதுகாப்புக்காக" என்பது ஆப்பிள் தரப்பின் வாதம். யந்திரத்துக்குள் புதிதாக நிரல் எழுதி ஓட்ட அனுமதித்தால், சோதிக்கப்படாத கெட்ட நிரலும் புகுந்துவிடலாம் என்கிறார்கள். இந்த அபாயம் கற்பனையல்ல என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தன் சொந்த சஃபாரி உலாவிக்கு அதே ஜேஐடியை ஆப்பிள் கொடுத்திருக்கிறதே, எப்படி? ஐரோப்பாவில் சட்டம் நெருக்கியதும், 2024-ல் மற்ற உலாவிகளுக்கும் நிபந்தனைகளோடு அதைக் கொடுக்க வழி செய்ததே, எப்படி? அதே டால்பின் ஆண்ட்ராய்டு போன்களில் கூகிள் கடையிலிருந்தே கிடைக்கிறதே, அங்கே வானம் இடிந்து விழுந்துவிட்டதா? நிபந்தனை போட்டு அபாயத்தைக் கட்டுப்படுத்த முடியும் என்பதை ஆப்பிளே நிரூபித்துவிட்டது. எனவே பாதுகாப்பு என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, வாசலின் சாவியை விட மனமில்லாமை.

விளையாட்டுத்தானே, இதற்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்று எவரும் அலட்சியம் செய்ய வேண்டாம். இன்று விளையாட்டுக்குப் போடும் பூட்டை நாளை பத்திரிகைக்கும் புத்தகத்துக்கும் போடுவதற்கு அதே சாவி போதும். ஆப்பிளின் கடை விதிகளைப் பற்றி விசாரிக்க இந்தியப் போட்டி ஆணையம் 2021 டிசம்பரில் உத்தரவிட்டது. எனவே இது எங்கோ நடக்கும் சண்டை என்று நாமும் இருந்துவிட முடியாது.

நம் கோரிக்கை எளியது. போனை வாங்கியவன், அபாயத்தைத் தெரிந்துகொண்டு, தனக்கு வேண்டிய மென்பொருளைத் தன் விருப்பப்படி போட்டுக்கொள்ளும் உரிமை சட்டமாக வேண்டும். தன் செயலிக்குக் கொடுக்கும் வசதியை மற்றவர் செயலிக்கும் அதே நிபந்தனையில் கம்பெனி கொடுக்க வேண்டும். பதினைந்து ஆண்டுகள் கெஞ்சியபோது திறக்காத கதவு, சட்டம் தட்டியபோது கொஞ்சம் திறந்தது. முழுக்கத் திறக்கும் வரை தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.