விருந்தா? விளம்பரமா?

மாநகரங்கள் இப்போது விருந்து வைக்கின்றன, தோழர்களே! இலை போட்டுச் சோறு படைக்கும் விருந்தன்று. கலைஞர்களை அழைத்துக் குடிவைக்கும் விருந்து. ஓவியரா, சிற்பியா, எழுத்தாளரா, இசைவாணரா, கடல் கடந்து வருக! எம் நகரில் ஆறு திங்கள் இருங்கள், ஓராண்டு இருங்கள். வீடு எமது, விளக்கு எமது, மாதச் செலவும் எமது. படைப்பது ஒன்றே உமது வேலை! இப்படி அழைக்கும் நகரங்கள் உலகில் பலப்பல. ஆங்கிலத்தார் இதற்கு இட்ட பெயர் ‘ரெசிடென்சி’. அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மன்னர்களின் அரண்மனைக்கு அருகே குடியிருந்துகொண்டு, மன்னர்களின் மடியிலேயே கைவைத்தானே கும்பினித் துரை, அவன் மாளிகைக்கும் அதுதான் பெயர்! ஐதராபாத்தில் அந்த மாளிகை இன்றும் நிற்கிறது. ஒரே சொல்; அன்று அழையாமல் வந்து அமர்ந்தவனுக்கு, இன்று அழைத்து வந்து அமர்த்தப்படுபவனுக்கு.

சென்னைக்கும் இத்தகைய திட்டம் வேண்டும் என்போர் உளர். ‘பாரீர் பெர்லினை!’ என்று கைகாட்டுகின்றனர். கூடாது என்போரும் உளர். ‘கூவத்தின் கரையில் குடிசை இழந்தவனுக்கு வீடில்லை, கோடுகிழிக்கும் வெளிநாட்டானுக்கு மாளிகையா?’ என்று கேட்கின்றனர். நான் வேண்டும் என்ற கட்சி. ஆனால், பெர்லினைப் பார் என்று சொன்னீர்களே, அதை முழுதாகப் பார்க்க வேண்டாமா? முன்வாயிலை மட்டும் காட்டி அழைத்துவந்துவிட்டால் எப்படி? கொல்லைப்புறத்தையும் பார்த்துவிட்டுப் பேசுவோம், வாருங்கள்.

1961 ஆகஸ்டு 13. பெர்லின் நகரின் நடுவே முள்வேலி முளைத்தது. பிறகு அது சுவராயிற்று. மேற்குப் பெர்லின், கிழக்கு ஜெர்மனியின் வயிற்றுக்குள் அகப்பட்ட தீவாயிற்று. பிழைப்புத் தேடுவோர் வெளியேறினர். பெயர் தேடுவோர் உள்ளே வரத் தயங்கினர். நகரம் நலிந்தால் நாடகம் வேண்டுமல்லவா? 1963இல் அமெரிக்கக் கோடீசுவரர் அறக்கட்டளையான ஃபோர்டு ஃபவுண்டேஷன் பணப்பையைத் திறந்தது. உலகக் கலைஞர்களைப் பெர்லினுக்கு அழைத்துத் தங்கவைக்கும் திட்டம் பிறந்தது. 1960களின் நடுவில் அதனை ஜெர்மன் கல்விப் பரிமாற்ற நிறுவனமான டாட் ஏற்றுக்கொண்டது, இன்றளவும் நடத்திவருகிறது.

தூய கலைத்தொண்டு என்று எண்ணுவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 1950இல் அதே மேற்குப் பெர்லினில் ‘பண்பாட்டுச் சுதந்திரக் காங்கிரஸ்’ என்றோர் அமைப்புத் தொடங்கப்பட்டது; சுதந்திரம், சிந்தனை என்றெல்லாம் முழங்கிற்று. அதன் பெட்டியில் விழுந்த காசு அமெரிக்க உளவுத்துறையின் காசு என்பது 1966, 67ஆம் ஆண்டுகளில் அம்பலமாயிற்று. அந்தக் காலம் அப்படி! சுவருக்கு அந்தப் பக்கம் அணிவகுப்பு; இந்தப் பக்கம் கலை வகுப்பு. கலைஞர்கள் வந்து இறங்கினால் ‘பாரீர், சுதந்திரம் இங்கேதான் குடியிருக்கிறது’ என்று பலகை மாட்டலாம். விளம்பரத்திற்காகத்தான் அழைத்தனர், அதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால், வேடிக்கையைப் பாருங்கள். விளம்பரத்திற்கு அழைக்கப்பட்டவர்கள் விளம்பரப் பலகையாக இருக்க மறுத்தனர்! முதலாண்டில் வந்தவர்களுள் ஒருவர் ஆஸ்திரியக் கவிஞர் இங்கெபோர்க் பாக்மன் அம்மையார். மற்றொருவர் போலந்து எழுத்தாளர் விட்டோல்ட் கொம்ப்ரோவிச். இவர் 1939இல் கப்பலேறி அர்ஜென்டினா சென்றவர். போர் மூண்டதால் திரும்ப வழியின்றி 24 ஆண்டுகள் அங்கேயே கிடந்து, வங்கியில் எழுத்தராக உழன்று, இரவில் இலக்கியம் படைத்தவர். அவரை ஐரோப்பாவுக்கு மீட்டுக் கொணர்ந்தது இந்த அழைப்புத்தான். நல்லதோர் அழைப்பு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

பாக்மன் அம்மையார் என்ன செய்தார்? 1964இல் அவருக்கு ஜெர்மன் மொழியின் உயர்ந்த இலக்கியப் பரிசான பியூக்னர் பரிசு கிடைத்தது. பியூக்னர் யார் தெரியுமோ? துண்டறிக்கை எழுதி அரசின் சினத்துக்கு ஆளாகி, நாட்டைவிட்டு ஓடி, 23 வயதில் மாண்டுபோன நாடகாசிரியன்! (துண்டறிக்கையும் நாடகமும் எழுதுகிற நம்மவர்க்கு அவன்மேல் தனிப் பாசம் வருவதில் வியப்பில்லை.) அந்தப் பரிசை ஏற்றுப் பேசியபோது, தமக்கு வீடு தந்த பெர்லினை அம்மையார் புகழவில்லை. நோயுற்ற நகரமாக, நிலைகுலைந்து பிதற்றும் நகரமாக அதனைச் சித்திரித்தார். நாட்டின் பழம்பாவம் அதன் தெருக்களில் இன்னும் காய்ச்சலாக எரிகிறது என்று காட்டினார். உண்ட வீட்டுக்கு இரண்டகமா? இல்லை! கூலிக்கு வந்தவன் புகழ்வான். விருந்தினன் உள்ளதைச் சொல்வான். ‘அம்மையே, அறையைக் காலிசெய்க’ என்று நகரம் சொல்லவில்லை. அன்று அந்த நகரம் விருந்தோம்பியது என்று நான் ஒப்புக்கொள்வது அதனால்தான். வள்ளுவர் அந்த அறத்துக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். விருந்தினர் நம்மைப் புகழவேண்டும் என்ற நிபந்தனையை அந்த அதிகாரத்தில் எந்தப் புலவர் கண்டுபிடித்தாலும் எனக்குத் தெரிவிக்கட்டும்!

இது முன்வாயில். இனிக் கொல்லைப்புறம்.

சுவர் எழுந்து பதினோரு வாரத்தில், 1961 அக்டோபர் 30 அன்று, மேற்கு ஜெர்மனி துருக்கியுடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. ஆலைகளுக்கு ஆள் வேண்டும்! இஸ்தான்புல்லில் அலுவலகம் திறந்து, வரிசையில் நிறுத்தி, மருத்துவரைக்கொண்டு உடலைச் சோதித்து, இரயிலேற்றினர். அவர்களுக்கு இட்ட பெயர் என்ன? கேளுங்கள், ‘விருந்தினர் தொழிலாளர்’! ஆம், விருந்தினர்! இரண்டாண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்பு என்பது தொடக்கத்தில் விதி. 1964இல்தான் அது நீக்கப்பட்டது. ஒரே நகரம், ஒரே சொல். ஒரு விருந்தினருக்கு வீட்டுச் சாவி. மற்றொரு விருந்தினருக்கு விடுதியறையில் அடுக்குக் கட்டில்!

அந்தக் கட்டில் ஒன்றில் 1965இல் வந்து படுத்தவள் ஒரு துருக்கிப் பெண். வயது 18. பெயர் எமினே செவ்கி ஓஸ்டமார். வேலை, வானொலிக் குழல் செய்யும் டெலிஃபுங்கன் ஆலையில். மொழி தெரியாது. அழைப்பிதழில் ‘கலைஞர்’ என்று அவளை எவரும் எழுதவில்லை. அவளோ நாடகம் பயின்றாள், நடித்தாள், எழுதினாள். தன் தாய்மொழியில் அன்று, பின்னர்க் கற்ற ஜெர்மன் மொழியில்! 1991இல் அவளுக்கு ஒரு பரிசு கிடைத்தது. எந்தப் பரிசு? இங்கெபோர்க் பாக்மன் பரிசு! முன்வாயில் வழியே மாலையோடு வந்த முதல் விருந்தினரின் பெயரால் அமைந்த பரிசு, கொல்லை வழியே வந்த ஆலைப் பெண்ணுக்கு! 2022இல் அதே பாக்மன் பெற்ற பியூக்னர் பரிசும் அவளைத் தேடி வந்தது. நாடகத்தில் இப்படி ஒரு காட்சியை நான் எழுதினால், ‘மிகையப்பா, வெட்டு’ என்பார்கள். வரலாறு எழுதிவிட்டது, வெட்டுவார் யார்?

‘பார்த்தீர்களா, எப்படியோ முன்னேறிவிட்டாளே!’ என்று யாரும் கைதட்டிவிட வேண்டாம். அவளோடு அடுக்குக் கட்டிலில் படுத்த மற்றவர்களை எண்ணுங்கள். எத்தனை பாடல் அந்த விடுதிகளின் சுவரில் மோதி மடிந்தனவோ! 1975இல் மேற்குப் பெர்லின் அரசு மற்றோர் அரும்பணி ஆற்றிற்று. கிராய்ஸ்பெர்க் உள்ளிட்ட மூன்று வட்டங்களில் அயல்நாட்டார் புதிதாகக் குடியேறக்கூடாது என்று தடை! கடவுச்சீட்டிலேயே முத்திரை குத்தினர். அதே கிராய்ஸ்பெர்க்கில், அதே ஆண்டுகளில், பெத்தானியன் என்ற பழைய மருத்துவமனைக் கட்டடத்தில், உலகக் கலைஞர்கள் வந்து தங்கிப் படைப்பதற்கு ஓர் இல்லம் திறக்கப்பட்டது. கலைக்கூடத்து அயல்நாட்டாருக்குக் கதவு திறப்பு. கசங்கிய சட்டை போட்ட அயல்நாட்டாருக்குக் கதவடைப்பு! அந்த இல்லத்தைத் திறந்தது தவறென்று நான் சொல்லவில்லை. அதன் சன்னலைத் திறந்து வெளியே பார்க்க மறந்தனரே, அதைச் சொல்கிறேன்.

மூன்றாவதாக ஒரு விருந்தினர் கூட்டமும் அந்நகருக்கு வந்தது. அவர்கள் பேசியது, தோழர்களே, தமிழ்! 1983 ஜூலையில் கொழும்பில் மூட்டிய தீ எரித்துத் துரத்த, ஈழத்தமிழர்கள் கிழக்குப் பெர்லினின் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரீட்ரிக்ஸ்ட்ராஸ இரயில் நிலையம் வழியாக மேற்கே கடந்தனர். சுவரை எல்லையென்று ஏற்காத மேற்குத் தரப்பு அங்கே கடவுச்சீட்டுச் சோதனை வைக்கவில்லை. அந்தச் சந்துதான் அவர்களுக்குச் சாமி தந்த வழி என்று சொல்லமாட்டேன், சட்டம் தவறவிட்ட வழி. 1985 ஜூலையில் அந்த வழி அடைபட்டது. விசா இல்லாத இலங்கைத் தமிழரை ஏற்றிவருவதில்லை என்று கிழக்கு ஜெர்மனி இசைந்தது. அதே வேளையில் மேற்கு ஜெர்மனி அதற்கு அளித்துவந்த வட்டியில்லாக் கடனின் வரம்பு 60 கோடியிலிருந்து 85 கோடி மார்க்காக உயர்ந்தது! கம்யூனிச அரசும் முதலாளித்துவ அரசும் எதில் ஒன்றுபட்டன என்று காணீர்! சுதந்திரத்தின் காட்சிச்சாலை என்று கலைஞர்களை வரவழைத்த நகரின் வாசலில், உயிருக்கு ஓடிவந்த தமிழன் கடன்கணக்கின் வரியானான்.

சரி, அழைக்கப்பட்ட விருந்தினராவது நிம்மதியாக இருக்கிறாரா? 2024 ஜனவரியில் பெர்லின் நகர அரசின் பண்பாட்டுத் துறை ஒரு விதி போட்டது: அரசு உதவி பெறும் கலைஞர்கள் யூத வெறுப்புக்கு எதிராக உறுதிமொழி தரவேண்டும் என்று. யூத வெறுப்பு நச்சு. அந்த மண்ணில் அது விளைத்த கொடுமைக்கு வரலாற்றில் ஈடில்லை. அதை எதிர்ப்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால், அவ்விதி எடுத்துக்கொண்ட வரையறை, இஸ்ரேல் அரசைக் குறைகூறுவோரின் வாயையும் பூட்டிவிடும் என்று ஆயிரக்கணக்கான கலைஞர்கள் கொதித்தெழுந்தனர். சட்டச் சிக்கலைக் காரணம் காட்டி, அந்த மாதமே விதியைத் திரும்பப் பெற்றனர். அவ்வாண்டு டிசம்பரில் வேறு கத்தியை எடுத்தனர்: 2025க்கான பண்பாட்டுச் செலவில் ஏறத்தாழ 13 கோடி யூரோ வெட்டு! சுவர் இருந்தபோது விளம்பரம் தேவைப்பட்டது, வாரி வழங்கினர். சுவர் வீழ்ந்து ஒரு தலைமுறை கடந்தது, கணக்கர் கத்தரிக்கோலோடு வந்துவிட்டார். விளம்பரத்திற்காக வைத்த விருந்து, விளம்பரம் தேவைப்படாத நாளில் இலையை எடுத்துவிடும்.

இங்கே நம் எதிர்க்கட்சி நண்பர் குறுக்கிடுவார்: ‘அந்த 13 கோடியை ஏழைக்குச் செலவிடலாமே!’ செலவிடட்டும், மறுக்கவில்லை. ஆனால், கலைக்கு வெட்டிய காசு ஏழையின் கூரையாக மாறியதை எந்த ஊரில் கண்டீர், ஐயா? ஏழைக்கு வீடில்லாமற் போனது ஓவியனுக்கு வீடு கொடுத்ததாலா? நிலத்தை விழுங்கியவர் பெயரைச் சொல்ல அஞ்சுவோர், தூரிகை பிடித்தவனைத் துணிந்து சாடுகின்றனர்.

இனிச் சென்னைக்கு வருவோம். கலைஞர்கள் கூடி வாழ்வது நமக்குப் புதிதன்று. 1850இல் தொடங்கிய எழும்பூர் ஓவியப் பள்ளியில் பயின்றவர்கள், கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில், 1966இல் கடற்கரை மணலில் சோழமண்டலத்தை எழுப்பினர். அமெரிக்கக் கோடீசுவரர் எவரும் பணப்பையோடு வரவில்லை. துணியில் வண்ணம் தோய்த்து, கைவினைப் பொருள் விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கிக்கொண்டனர். அந்த மானம் உள்ள ஊரில் வெளியூர்க் கலைஞரை அழைத்துத் தங்கவைக்க நம் மாநகராட்சி முன்வந்தால் வரவேற்பேன். வணிக நிறுவனத்தின் பெயர்ப்பலகை வேண்டாம். மக்கள் வரிப்பணத்தில், குறைவாக, கூச்சமின்றிச் செய்க! கடற்கரைச் சாலைப் பங்களாவில் அன்று, வியாசர்பாடியில் வீடு கொடுங்கள், காசிமேட்டில் கொடுங்கள். 2020இல் கண்ணகி நகரின் சுவர்களில் ஓவியர்கள் வந்து வண்ணம் தீட்டினர், அழகுதான். ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்தெடுத்து அங்கே கொண்டுபோய் வைக்கப்பட்ட மக்கள், அதிகாலையில் பழைய தெருக்களுக்கு வேலை தேடிப் பேருந்தில் தொங்குவது அந்த வண்ணத்தில் இல்லை. தீட்டிவிட்டுப் போகிறவர் அறியமாட்டார். ஓராண்டு குடியிருப்பவர் அறிவார், தீட்டுவார். அது நமக்குப் பிடிக்காமற் போகலாம். போகட்டும்!

பெர்லினைக் காட்டிக் காட்டிப் பேசினேனே, நம் கொல்லைப்புறம் மட்டும் என்ன? வடபுலத்திலிருந்து வந்து நமக்கு மாடி கட்டுவோரை, மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டுவோரை, 2020 கொரோனா முடக்கத்தின்போது அரசு அறிக்கையிலேயே ‘விருந்தினர் தொழிலாளர்’ என்றோம். ஜெர்மானியன் வைத்த அதே பெயர்! படுக்க வைத்ததோ தகரக் கொட்டகை. ஈழத்திலிருந்து வந்தோரின் முகாம்களுக்கு 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினோம், நன்று. புதிய வீடுகள் கட்டத் தொடங்கினோம், மிக நன்று. ஆனால், நூற்றுக்கும் மேற்பட்ட அம்முகாம்களில் பிறந்தவர் வளர்ந்து, மணந்து, பிள்ளை பெற்ற பின்னரும் அயலாராகவே இருக்கின்றனரே! 2019இல் டில்லித் துரைத்தனம் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பாகிஸ்தான் கண்ணில் பட்டது, வங்கதேசம் பட்டது, ஆப்கானிஸ்தான் பட்டது. இருபது கல் தொலைவில் உள்ள இலங்கை மட்டும் படவில்லை!

ஆகவே, கலைஞர் விருந்துத் திட்டத்துக்கு விண்ணப்பப் படிவம் அச்சிடப் போகும் அதிகாரிகளிடம் எனக்குக் கேள்வி ஒன்று உண்டு. மண்டபம் முகாமில் பிறந்த இளைஞன் ஒருவன், தூரிகை பிடிக்கத் தெரிந்தவன், அந்தப் படிவத்தை வாங்கி நிரப்பத் தொடங்குகிறான் என்று வையுங்கள். பெயர் எழுதுகிறான், வயது எழுதுகிறான், தீட்டிய ஓவியங்களின் பட்டியலும் எழுதிவிடுகிறான். ‘எந்த நாட்டவர்?’ என்ற கட்டம் வருகிறதே, அதில் அவன் என்ன எழுதவேண்டும்?