பட்டறையில் சேதமடையும் படகுகள்: பொறுப்பு யாருடையது?

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் விசைப்படகுகள் பழுதுபார்ப்புக்காகக் கரையேற்றப்படுகின்றன. தடை நீங்கும் வேளையில் படகின் அடிப்பகுதியில் புதிய விரிசல் தென்பட்டால் உரிமையாளருக்கும் பட்டறைக்கும் இடையே தகராறு தொடங்குகிறது.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 151-வது பிரிவு: தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை, சாதாரண முன்யோசனை உள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைப் பேணுவதுபோல் பட்டறையினர் பேண வேண்டும். தங்கள் பொறுப்பில் இருந்தபோது சேதம் நேர்ந்தால், உரிய கவனம் செலுத்தியதை அவர்களே நிரூபிக்க வேண்டும். ஆனால் படகு வந்தபோது இருந்த நிலைக்கு எழுத்துப்பூர்வப் பதிவோ புகைப்படமோ இல்லாவிடில், 'விரிசல் முன்பே இருந்தது' என்ற பதிலை மறுப்பது கடினம்.

இன்னொரு சிக்கல் 170-வது பிரிவு. செய்த வேலைக்கான கூலி வரும்வரை படகைத் தடுத்து வைக்க அது பட்டறைக்கு உரிமை தருகிறது. மீன்வளம் மிகுந்த தொடக்க வாரங்களில் படகு கரையில் நிற்பதைவிட, கேட்ட தொகையைக் கட்டி மீட்பதே மேல் என உரிமையாளர் முடிவெடுக்க நேரிடும். இழப்பீட்டுக் கோரிக்கை அதன்பிறகே.

நுகர்வோர் ஆணையமும் எளிய வழியன்று. வணிக நோக்கத்துக்கான சேவை சட்ட வரம்புக்குள் வராது. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்வோருக்கான விலக்கில், 2002 திருத்தம் பொருளுடன் சேவையையும் சேர்த்திருந்தது. 2019 சட்டத்தின் விளக்கமோ வாங்கிய பொருளை மட்டுமே குறிப்பிடுகிறது. ஒரே படகை நம்பி வாழும் மீனவரின் பழுதுபார்ப்புப் புகாரிலும் எதிர்த்தரப்பு முதலில் எழுப்பக்கூடிய ஆட்சேபம் இதுவே.