"ஸ்கேனர் சொல்லிடுச்சு சார், டர்போவை மாத்திடலாம்!"

டீசல் கார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று சோர்ந்து போகும். எவ்வளவு மிதித்தாலும் மூவாயிரம் ஆர்.பி.எம். தாண்டாது. ஓரங்கட்டி, சாவியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி பறக்கும். இரண்டு நாள் கழித்து மறுபடி அதே கதை. இதுதான் லிம்ப் மோட். எஞ்சினுக்கு அடிபடக் கூடாது என்று ஈ.சி.யு. தானாகவே டீசலையும் டர்போ அழுத்தத்தையும் குறைத்துக்கொள்கிறது.

இதோடு ஒர்க்‌ஷாப் போனால் ஸ்கேனரைச் சொருகுவார்கள். பி0299 என்று வரும். உடனே தலைப்பில் உள்ள தீர்ப்பு.

மக்களே, பி0299 என்றால் டர்போ செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. 'நான் கேட்ட காற்றழுத்தம் வரவில்லை' என்று ஈ.சி.யு. புலம்புகிறது, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று அதற்கே தெரியாது. தெர்மாமீட்டர் 102 காட்டினால் நேராக ஆபரேஷன் தியேட்டருக்கா தள்ளிக்கொண்டு போவார்கள்?

வி.ஜி.டி. டர்போவில் டர்பைனைச் சுற்றிச் சின்னச் சின்ன இறக்கைகள் இருக்கும். வேகம் குறைவாக இருக்கும்போது அவை மூடிக்கொண்டு புகையை வேகமாகப் பீய்ச்சும். வேகம் கூடினால் விரியும். பல கார்களில் இவற்றை அசைப்பது வேக்குவம். அது வருவது பென்சில் தடிமன் ரப்பர் ஹோஸ் வழியாக. எஞ்சின் சூட்டில் வருடக்கணக்காக வெந்து அந்த ஹோஸ் வெடித்தால் பி0299. இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்தாலும் பி0299 (கூடவே கரும்புகையும் உஸ் சத்தமும் இருக்கும்). சோலினாய்டு வால்வு மக்கர் செய்தாலும் அதேதான். கரி படிந்து இறக்கைகள் மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டால், அழுத்தம் கூடிப்போய் பி0234 வரும். இரண்டும் மாறி மாறி வருகிறதா? ஹோஸ் கிழிசலை விட இறக்கைகளின் மேலும் அவற்றை அசைக்கும் வால்வின் மேலும்தான் சந்தேகம் போக வேண்டும். இத்தனைக்கும் ஒரே மருந்து புது டர்போவாம்!

என் பெரியப்பா டாக்ஸி ஓட்டுகிறார். அரை லட்சத்துக்கு மேல் கொடுத்து டர்போ மாற்றினார். மூன்றே வாரம். ஏற்காடு மலைப்பாதையில் லாரியை ஓவர்டேக் செய்யும்போது, பாதி வழியில் வண்டி படுத்துவிட்டது. எதிரே பஸ். ஏதோ அந்த டிரைவர் பிரேக் போட்டார். கடைசியில் வேறொரு மெக்கானிக், கையால் இயக்கும் வேக்குவம் பம்ப்பை மாட்டிப் பார்த்துப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். வெடித்த ஹோஸ். விலை சில நூறு ரூபாய். டாக்ஸிக்கு மாசம் பிறந்தால் ட்யூ கட்ட வேண்டும் என்பதெல்லாம் அந்த முதல் ஒர்க்‌ஷாப்புக்கு எங்கே தெரியப்போகிறது?

எனக்கு இன்னும் கடுப்பு எதில் என்றால், பார்த்தவுடன் கோடை அழித்துவிடுவதில்தான். அதோடு ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். கோளாறு வந்த நொடியில் எத்தனை ஆர்.பி.எம்., எவ்வளவு லோடு, எஞ்சின் சூடு என்ன என்று ஈ.சி.யு. குறித்து வைத்த ஒரே சாட்சி அது. அப்புறம் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு 'ஓகே சார்' என்பார்கள். லோடு இல்லாமல் இந்தக் கோளாறு எப்படி வரும்? மேட்டில் மூன்றாவது கியரில் முழுசாக மிதித்து, ஈ.சி.யு. கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் எங்கே பிரிகின்றன என்று லைவ் டேட்டாவில் பார்க்க வேண்டும்.

'கஸ்டமர் சாயங்காலமே வண்டி கேட்கிறார், இதற்கெல்லாம் நேரம் ஏது' என்பார்கள். டர்போவைக் கழற்றி மாட்ட மட்டும் நேரம் இருக்கிறது, இல்லையா?

அப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கழற்றிய டர்போவைக் கையில் கேளுங்கள். நடுத் தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். இறக்கைகளின் நெம்புகோலைத் தள்ளிப் பாருங்கள். தண்டு ஆடாமல், நெம்புகோலும் வழவழவென்று போய்வந்தால், புது டர்போவுக்கு ஏன் பில் போட்டீர்கள் என்று அங்கேயே நின்று கேளுங்கள்.