ஆட்டிஸம் குழந்தைகளுக்கு மட்டும்தானா?

அந்தக் காலத்தில் 'அவர் சுபாவமே அப்படி' என்று விட்டுவிடுவோம், இப்போது எதற்கெடுத்தாலும் ஆட்டிஸம் என்கிறார்களே என்று இந்தப் பகுதியில் ஒரு சகோதரி அலுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு என் பதில் இது.

எங்கள் பேரனுக்கு 4 வயதில் ஆட்டிஸம் என்று சொன்னார்கள். பரிசோதனைக்கு நாங்களும் கூடப் போயிருந்தோம். சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வானா, ஒரே சாப்பாட்டைத்தான் கேட்பானா, வழக்கம் மாறினால் தவிப்பானா என்று அந்த அம்மா கேட்கக் கேட்க, நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 32 வருஷமாக எங்கள் வீட்டில் நடப்பதைத்தானே கேட்கிறார்!

அவருக்குக் காலையில் இட்லிதான், அதுவும் ஏழரைக்கு. மாறினால் அன்றைக்குப் பூரா முகம் சரியிருக்காது. ரயில் நேரமெல்லாம் மனப்பாடம், எதிர் வீட்டுக்காரர் பெயர் தெரியாது. சொந்தக்காரர்கள் வைத்த பெயர் 'அழுத்தக்காரர்'. நானோ கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தம் தாங்காமல் ஸ்டோர் ரூமில் போய் உட்காருகிறவள். சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்யுமுன் பேச வேண்டியதை இரண்டு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். எனக்குக் கிடைத்த பட்டம் 'திமிர் பிடித்தவள்'. 'வந்தவங்களை வாங்கன்னு கேளு, சிரி, முகத்தைப் பார்த்துப் பேசு' என்று பெண்பிள்ளைகளைப் பழக்கிவிடுகிறார்களே, உள்ளே படும் பாடு வெளியே தெரியுமா?

1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் ஆட்டிஸம் பற்றி எழுதியது 11 குழந்தைகளை வைத்து. அந்த மாதிரிக் குழந்தைகளும் வளர்ந்து புருஷன் பெண்டாட்டி ஆவார்கள் என்று ரொம்பப் பேர் யோசிக்கவே இல்லை. தாய்க்குப் பாசம் போதாததால்தான் பிள்ளை இப்படி என்றுகூடச் சொன்னார்கள். 1967-ல் புரூனோ பெட்டல்ஹெய்ம் என்பவர் அதை வைத்துப் புத்தகமே போட்டார். அது தப்பு என்று பிறகு தெரிந்துவிட்டது. இதில் பரம்பரைக்குத்தான் பெரிய பங்கு. எந்த ஊரானாலும் பழி மட்டும் அம்மா தலையில்தான்!

இந்த வயசில் பெயர் தெரிந்து என்ன லாபம் என்பீர்கள். முன்பெல்லாம் "தலை வலிக்குதுங்க" என்பேன். "மாத்திரை பீரோவுல இருக்கு" என்று பேப்பரைப் புரட்டுவார். பாசமில்லாத மனுஷன் என்று எத்தனை நாள் அழுதிருக்கிறேன்! இப்போது "தலைவலி. ராத்திரிக்கு நீங்க தோசை ஊத்துங்க" என்கிறேன். டாண் என்று எட்டு மணிக்குக் கல் அடுப்பில் இருக்கும். ஜாடை அவருக்குப் புரியாது, வார்த்தை புரியும். அவரும் இப்போது மண்டபத்தில் தாலி கட்டி முடிந்ததுமே "கிளம்பலாமா?" என்று அவராகவே கேட்கிறார்.

அதற்காக நாலு கேள்வியைப் படித்துவிட்டு நாத்தனார், ஓரகத்தி எல்லோருக்கும் பேர் வைத்துவிடாதீர்கள். கேம்பிரிட்ஜில் 2001-ல் தயாரித்த 50 கேள்விப் பட்டியல்கூட சந்தேகத்தைத்தான் காட்டும், முடிவு சொல்லாது. கூச்சம், மனப்பதற்றம், காது மந்தம்கூட இப்படித் தோன்றலாம். கை நீட்டுகிற புருஷனுக்கு இதைச் சாக்காக எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். சத்தம் ஆகாதது வேறு, பெண்டாட்டியை அடிப்பது வேறு.

மனநல மருத்துவரோ சைக்காலஜிஸ்டோ பார்த்துத்தான் சொல்ல வேண்டும். "அறுபது வயசுல எனக்கெதுக்கு சர்டிபிகேட்?" என்கிறார் இவர். அது அவர் இஷ்டம். நான் போவதாகத்தான் இருக்கிறேன். திமிர் இல்லை என்று ஒருத்தராவது எழுத்தில் கொடுக்கட்டுமே!

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்.