கற்றற் பேறுகளின் மீளாய்வு: சோதனையா, சடங்கா?

நமது பல்கலைக்கழகங்களின் பொறியியற் பீடங்களிலே இன்று அதிகம் உச்சரிக்கப்படும் சொற்றொடர்களுள் ‘கற்றற் பேறு’ என்பதும் ஒன்றாகும். பட்டப்படிப்பை நிறைவுசெய்யும் மாணவர் எவற்றை அறிந்திருத்தல் வேண்டும், எவற்றைச் செய்ய வல்லவராதல் வேண்டும் என்பதை முன்கூட்டியே வரையறுத்து, அவை எய்தப்பட்டனவா என்பதைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை மீளாய்வு செய்தலே இதன் சாரம். நோக்கத்திலே குறைகாண்பதற்கில்லை. ஆனால், உற்பத்திப் பொறியியல் போன்றதொரு துறையிலே இம்மீளாய்வு கல்வியைச் சோதிக்கும் கருவியாக அன்றி, கோப்புகளை நிரப்பும் சடங்காகவே மாறிவருகின்றது என்பது எமது குற்றச்சாட்டாகும்.

பொறியியற் பீடத்தின் விவகாரத்திலே கலைப்பீட மாணவனுக்கு என்ன அலுவல் என்ற வினா எழலாம். பொறியியற் பட்டங்களைப் பரஸ்பரம் அங்கீகரிக்கும் வாஷிங்டன் உடன்படிக்கை 1989இல் உருவாயிற்று. 2014இல் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் அதன் முழு உறுப்புரிமையைப் பெற்றது. அவ்வுடன்படிக்கை வகுத்த பட்டதாரிப் பண்புகள் 12 ஆக இருந்து, 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் 11 ஆயின. அவற்றுள் ஐந்தே தொழினுட்ப அறிவு சார்ந்தவை. எஞ்சிய ஆறும் பொறியியலாளரும் உலகும், அறநெறி, கூட்டுச் செயற்பாடு, தொடர்பாடல், முகாமைத்துவமும் நிதியும், வாழ்நாள் முழுவதுமான கற்றல் என்பன. பாதிக்கு மேற்பட்டவை மனிதரையும் சமூகத்தையும் பற்றியவையாக இருக்கையில், மனிதரையும் சமூகத்தையும் கற்கும் பீடத்தவர் வாய்மூடி இருத்தலே வியப்புக்குரியது.

இச்சிந்தனை நேற்றுப் பிறந்ததன்று. 1949இல் றல்ப் ரைலர் கலைத்திட்டத்தின் அடிப்படைகளை ஆராய்ந்தபோது, நோக்கங்களைத் தெளிவாக வகுத்து, அவை நிறைவேறினவா என மதிப்பிட வேண்டும் என வற்புறுத்தினார். 1956இல் பெஞ்சமின் புளூமும் அவரது குழுவினரும் கல்வி நோக்கங்களைப் படிநிலைப்படுத்தினர். இலங்கையில் 2012இல் வெளிவந்து 2015இல் திருத்தப்பெற்ற தகைமைச் சட்டகம் கலைப்பீடம் உட்பட எல்லாப் பீடங்களையும் இந்நெறிக்குள் கொணர்ந்தது. ஆயின் ரைலர் முதன்மைப்படுத்திய ‘எதற்காகக் கற்பிக்கிறோம்’ என்ற வினா பின்தள்ளப்பட்டு, புளூமின் படிநிலையிலிருந்து பொறுக்கியெடுத்த வினைச்சொற்கள் மாத்திரமே எஞ்சிவிட்டன. ‘விளங்கிக்கொள்வர்’ என்பதை நீக்கி ‘பகுப்பாய்வர்’ என எழுதிவிட்டால் பாடம் உயர்ந்துவிட்டதாகக் கருதப்படுகின்றது. வாக்கியம் மாறியது, வகுப்பறை மாறவில்லை.

மீளாய்வின் மையமாக விளங்குவது ஓர் அட்டவணை. நிரைகளிலே பாட அலகுகள். நிரல்களிலே கற்றற் பேறுகள். சந்திக்கும் கட்டங்களிலே 1, 2, 3 என்னும் இலக்கங்கள். பின்னர் பரீட்சைப் புள்ளிகளின் சராசரி கணிக்கப்பட்டு, குறித்த எல்லையைத் தாண்டின் ‘எய்தப்பட்டது’ எனப் பதியப்படுகின்றது. இங்கு ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். பாதுகாப்பும் அறநெறியும் பற்றிய வினாவுக்கு 20 புள்ளிகள். வகுப்பில் 60 மாணவர். 40 பேர் 15 புள்ளிகள் வீதமும், 20 பேர் 2 புள்ளிகள் வீதமும் பெறுகின்றனர். சராசரி ஏறத்தாழ 10.7, அதாவது 53 வீதம். எல்லை 50 வீதமாயின் பேறு எய்தப்பட்டதாகிவிடும். மூன்றிலொரு பங்கினர் அப்பொருளை அறியாமலே வெளியேறுகின்றனர் என்ற உண்மை சராசரிக்குள் புதையுண்டு போகின்றது. கடைசல் இயந்திரத்திலே செய்த 60 தண்டுகளில் 20 தண்டுகள் அனுமதிக்கப்பட்ட அளவெல்லைக்கு வெளியே இருக்கும்போது, சராசரி விட்டம் சரியாக உள்ளது என்று கூறி அவற்றை வாடிக்கையாளருக்கு அனுப்பும் பொறியியலாளரை எந்தத் தொழிற்சாலை வைத்திருக்கும்? தண்டுக்கு அளிக்கும் கவனத்தையேனும் மாணவருக்கு அளித்தலாகாதா?

மாணவரைப் பண்டமாகக் கருதும் உவமையை நாம் ஏற்கவில்லை. எனினும் தொழிற்சாலையின் அளவுகோலைக் கொண்டு நோக்கினுங்கூட இம்மீளாய்வு தேறாது என்பதே நாம் சுட்ட விழைவது. 1924இல் வால்ற்றர் ஷூஹார்ட் கட்டுப்பாட்டு வரைபை வகுத்தபோது, செயன்முறை நிகழ்ந்துகொண்டிருக்கையிலேயே அதன் பிறழ்வைக் கண்டறிய வழி பிறந்தது. 1950இல் ஜப்பானிலே விரிவுரையாற்றிய டெமிங், இறுதியிலே பரிசோதிப்பதனால் மாத்திரம் தரம் உண்டாவதில்லை. அது செயன்முறையிலேயே உருவாக்கப்படல் வேண்டும் என்பதை இடைவிடாது வலியுறுத்தியவர். ரொயோட்டா ஆலைகளிலே குறையைக் காணும் சாதாரண தொழிலாளி தலைக்குமேல் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். உடனே குழுத்தலைவர் வருவார். உரிய நேரத்துள் குறை தீராவிடின் உற்பத்தித் தொடரே நின்றுவிடும். இவையனைத்தும் உற்பத்திப் பொறியியல் மாணவருக்குப் பாடமாகக் கற்பிக்கப்படுவன. ஆனால், அப்பாடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவருக்கு இழுப்பதற்கு ஒரு கயிறு உண்டா? பருவ இறுதியில் வழங்கப்படும் வினாக்கொத்தைக் கயிறு என்று கூறமுடியாது. அதனை இழுப்பதால் எதுவும் நிற்பதில்லை.

இது வெறும் நிர்வாகக் குறைபாடு எனக் கருதுவோர், 2013 ஏப்பிரல் 24இல் பங்களாதேசத்தின் சாவாரிலே இடிந்து வீழ்ந்த ரானா பிளாசாவை நினைவுகூர்தல் வேண்டும். தொழிற்சாலைக்கெனக் கட்டப்படாத எட்டுமாடிக் கட்டடத்திலே தையல் இயந்திரங்களும் மின்பிறப்பாக்கிகளும் அதிர்ந்துகொண்டிருந்தன. முதல்நாளே சுவர்களில் வெடிப்புகள் காணப்பட்டன. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியரை வீட்டுக்கு அனுப்பியது. ஆடைத் தொழிலாளரோ மறுநாட் காலை வேலைக்கு அழைக்கப்பட்டனர். மாண்டோர் 1,100இற்கும் மேற்பட்டோர். 1978இல் கட்டுநாயக்கவிலே சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது முதல், ஆடை உற்பத்தியைத் தன் ஏற்றுமதியின் முதுகெலும்புகளுள் ஒன்றாகக் கொண்ட நாடு நமது. உற்பத்தி இலக்கு ஒருபுறமும் தொழிலாளர் உயிர் மறுபுறமுமாக நிற்கும் ஒரு காலைப்பொழுதிலே ‘முடியாது’ என்று சொல்லும் துணிவே அறநெறி என்னும் பேறாகும். அதனை நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் வினாவால் அளந்துவிட்டோம் எனக் கருதுவது நகைப்புக்கிடமானது.

தொடர்பாடல் என்னும் பேறும் இத்தகையதே. ஆங்கிலத்திலே எழுதப்படும் அறிக்கையும் ஆங்கிலத்திலே நிகழ்த்தப்படும் முன்வைப்புமே அதன் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. ஆங்கிலம் வேண்டாமென நாம் கூறவில்லை. ஆனால், தொழிற்றளத்திலே இயந்திரத்தின் முன் நிற்பவர் தமிழிலோ சிங்களத்திலோ சிந்திப்பவர். பாதுகாப்புக் கவசத்தை ஏன் கழற்றலாகாது என்பதை அவருடைய மொழியில் அவருக்கு உணர்த்த இயலாத பொறியியலாளர், ஆங்கில முன்வைப்பிலே அதிவிசேட சித்தி பெற்றிருந்தும் பயன் யாது?

தர அங்கீகாரம் இன்றேல் நமது பட்டதாரிகள் வெளிநாடுகளில் மதிப்பிழப்பர்; விரிவுரையாளர்களோ ஏற்கனவே வேலைப்பளுவால் நசிகின்றனர்; எனவே இருப்பதைக் கொண்டு திருப்தியடைக என்று கூறுவோர் உளர். அங்கீகாரத்தின் அவசியத்தை நாம் மறுக்கவில்லை. விரிவுரையாளரின் சுமையையும் அறிவோம். அச்சுமையிற் பெரும்பகுதி எவரும் மீண்டும் திறந்துபாராத கோப்புகளாலானது என்பதனாலேயே இதனைப் பேசுகின்றோம். பேறுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, அளப்பவற்றை உண்மையாக அளந்தால் சுமையும் குறையும்; பயனும் மிகும்.

ஆகவே நாம் வேண்டுவன நான்கு. பாதுகாப்பு, அறநெறி ஆகிய பேறுகள் சராசரியால் அன்றி, ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே எய்தவேண்டிய எல்லையால் மதிப்பிடப்படல் வேண்டும். தொழிற்றளத் தொழிலாளிக்கு அவரது மொழியிலே ஒரு செயன்முறையை விளக்குதல் கணிப்பீட்டின் பகுதியாதல் வேண்டும். தொழிலதிபரிடமும் முகாமையாளரிடமும் மாத்திரமன்றி, நமது பட்டதாரிகளின் கீழ் வேலைசெய்யும் தொழிலாளரிடமும் கருத்துக் கேட்டல் வேண்டும். இறுதியாக, மீளாய்வுக் குழுவிலே மாணவர் அமர்தல் வேண்டும். அவர் சுட்டிய குறைக்கு யாது செய்யப்பட்டது என்பது அடுத்த பருவம் தொடங்குமுன் எழுத்திலே வெளியிடப்படல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் பெரும் பணத்தை வேண்டுவதன்று. குறையைக் குறையென ஏற்கும் மனமே வேண்டப்படுவது. அம்மனத்தைத் தொழிலாளியிடமும் இயந்திரத்திடமும் எதிர்பார்க்குமாறு கற்பிக்கும் ஒரு துறை, முதலில் அதனைத் தன்னிடமே எதிர்பார்க்கட்டும்.