பாலிகஞ்ச் கல்யாண வீடுகளும் ஸ்ரீரங்கம் விபத்தும்

பாலிகஞ்சில் கல்யாணத்திற்கு வாடகைக்கு இடம் பிடிக்கும் நம்மவர்கள் பந்தி, தண்ணீர், வாடகை எல்லாம் விசாரிக்கிறார்கள். மேல்மாடியிலிருந்து இறங்க இன்னொரு மாடிப்படி உண்டா என்று கேட்பவர் அபூர்வம்.

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுக் கொட்டகை பற்றி எரிந்து, மணமகன் உட்பட 50 பேருக்கு மேல் மாண்டனர். தீ கிளம்பியது ஹோமகுண்டத்திலிருந்து அல்ல. வீடியோ விளக்குக்கு இழுத்த ஒயரிலிருந்து என்று கூறப்பட்டது.

கொல்கத்தாப் பந்தல் மூங்கிலும் துணியும். அதுவும் எரியக்கூடியதுதான். துணியை ஒட்டி ஒயர் ஓடாமலும், படிக்கட்டில் நாற்காலி அடுக்காமலும் கவனிக்க, பெண் வீட்டார் ஒரு ஆளை நியமித்தால் செலவொன்றுமில்லை.

தீயணைப்புக்கு 101. தீப்பட்ட இடத்தில் இங்க் தடவாமல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் விடவேண்டும், பட்டுப்புடவை நனைந்தாலும் சரி.